சின்ன டிராக்டரின் லோடரில் பேலட் ஃபோர்க்: எதை வாங்குவது, எப்படித் தூக்குவது

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஊருக்கு வெளியே ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று இடம் வாங்கிக் குடிபோகிற நம்மவர்கள் இப்போது நிறையப் பேர். அவர்களில் பலரும் முதலில் வாங்குவது 25 முதல் 40 குதிரைத்திறன் வரையிலான ஒரு காம்பாக்ட் டிராக்டர், அதன் முன்னால் ஒரு லோடர் (சுமை தூக்கும் ஹைட்ராலிக் கைகள்), லோடரில் ஒரு பக்கெட். மண், ஜல்லி, பனி இந்த மூன்றுக்கும் பக்கெட் அருமை. ஆனால் வெட்டிப்போட்ட மரம், வேலிக் கம்பம், பலகைக் கட்டு, கடையிலிருந்து லாரியில் வந்து இறங்கும் பேலட் (சரக்கை அடுக்கி அனுப்பும் மரத் தட்டு), டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற கருவிகள் என்று வந்துவிட்டால் பக்கெட்டில் எதுவும் ஒழுங்காக உட்காராது, ஆளோடு ஆள் சேர்ந்து கையால் தூக்கி வைத்து, கயிறு கட்டி, வழியில் விழுந்து, திரும்பவும் தூக்க வேண்டியிருக்கும். பக்கெட்டுக்கு அடுத்து எதை வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் பேலட் ஃபோர்க் என்றுதான் சொல்வேன்: பக்கெட்டுக்குப் பதிலாக லோடரில் மாட்டும் ஒரு இரும்பு ஃபிரேம், அதிலிருந்து முன்னால் நீளும் இரண்டு தட்டையான இரும்புக் கரங்கள், அந்தக் கரம் ஒவ்வொன்றையும்கூட ஃபோர்க் என்றே சொல்வார்கள்.

ஆனால் வாங்குவதற்கு முன்னால் ஒரு கணக்கு போட்டாக வேண்டும். இதைப் போடாமல் வாங்கினவர்கள்தான் பின் சக்கரம் மேலே எழும்புகிறதே என்று அப்புறம் பதறுகிறார்கள்.

லோடர் எவ்வளவு தூக்கும் என்று விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் எண், பெரும்பாலும் பக்கெட் மாட்டுகிற பின்னின் (இரும்பு ஆணி) மேல் நேராகத் தொங்கவிட்டால் தூக்கும் எடை. நிஜத்தில் யாரும் பின்னில் எதையும் தொங்கவிடுவதில்லை. அதனால்தான் நல்ல கையேடுகளில் பின்னிலிருந்து 500 மில்லிமீட்டர் முன்னால் வைத்தால் எவ்வளவு என்று இன்னொரு எண்ணும் கொடுத்திருப்பார்கள், அதுதான் நமக்கு உதவும் எண். அதிலும் முழு உயரத்துக்கு எவ்வளவு, ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கும், இரண்டும் ஒன்றில்லை. இந்த 500 மில்லிமீட்டர் கணக்குகூட பக்கெட்டில் கிடக்கும் மண்ணுக்குத்தான் பொருந்தும். ஃபோர்க்கில் வைக்கும் பேலட்டின் எடை மையம் அதைவிடவும் தள்ளிப்போகும்.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். பின்னில் 500 கிலோ தூக்கும் லோடர். லோடர் கை டிராக்டரோடு சேரும் கீலிலிருந்து முன்னால் இருக்கும் பின் வரை 1.8 மீட்டர். இதற்கு 120 கிலோ எடையுள்ள ஒரு ஃபோர்க்கை மாட்டுகிறோம், அந்தச் சொந்த எடையின் மையம் பின்னிலிருந்து 0.3 மீட்டர் முன்னால். அதில் 48 அங்குல நீளமான பேலட்டை ஏற்றினால் சுமையின் மையம் பின்னிலிருந்து ஏறக்குறைய 0.8 மீட்டர் தள்ளி வரும். லோடருக்கு எடையோடு கீலிலிருந்து அது இருக்கும் தூரமும் சேர்ந்துதான் பாரம், அதனால் எடையைத் தூரத்தால் பெருக்க வேண்டும். 500ஐ 1.8ஆல் பெருக்கினால் 900. ஃபோர்க்கின் பங்கு 120ஐ 2.1ஆல் (1.8 + 0.3) பெருக்கினால் 252. கழித்தால் 648. அதை 2.6ஆல் (1.8 + 0.8) வகுத்தால் 249 கிலோ. அதாவது விளம்பரத்தில் 500 கிலோ, உங்கள் பேலட்டில் 250 கிலோ. சரிபாதி! ஒவ்வொரு லோடரின் அமைப்பும் கொஞ்சம் வேறு என்பதால் எண்கள் சற்று மாறும், ஆனால் வாங்கும்போது மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய அளவு இதுதான். ஹைட்ராலிக் தூக்கிவிட்டது என்பதற்காக டிராக்டர் அதைச் சுமந்துகொண்டு பத்திரமாக நகரும் என்றும் நினைக்கக் கூடாது, அது வேறு விஷயம், பின்னால் வருகிறேன்.

250 கிலோ என்றால் என்ன என்று பார்த்தால்தான் உறைக்கும். குளிருக்கு எரிக்கும் மர பெல்லட் (மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகள்) ஒரு டன் என்று விற்பது 40 பவுண்டு மூட்டை 50, மொத்தம் 2,000 பவுண்டு, கிலோவில் 907. கான்கிரீட் கலவை 80 பவுண்டு மூட்டை 42 அடுக்கி வந்தால் 3,360 பவுண்டு, ஒன்றரை டன். கூண்டுக்குள் வைத்த வெள்ளைத் தொட்டி, 275 கேலன், தண்ணீர் நிறைந்தால் ஒரு டன்னுக்கு மேலே. இது எதையும் இந்த அளவு டிராக்டர் தூக்காது. பெல்லட் பேலட் வந்தால் ஒரு தடவைக்குப் பன்னிரண்டு மூட்டை என்று பிரித்து வேறொரு காலி பேலட்டில் அடுக்கிக் கொண்டுபோக வேண்டும், காலித் தொட்டியை மட்டும் தாராளமாகத் தூக்கலாம். லாரிக்காரரே இறக்கித்தர "லிஃப்ட்கேட்" (சரக்கைத் தரைக்கு இறக்கும் பின்பக்கத் தூக்குத் தட்டு) வைத்த வண்டி வேண்டும் என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். டிராக்டரை நம்பிச் சும்மா வரச்சொல்லிவிட்டால், லாரி வாசலில் நிற்க, லாரித் தளத்தில் ஏறி மூட்டை மூட்டையாகப் பிரிக்க வேண்டிவரும்.

சரி, வாங்குவதற்கு வருவோம். மேலே போட்ட கணக்கிலேயே எதை வாங்கக் கூடாது என்பது தெரிந்துவிட்டது: ஃபோர்க்கின் சொந்த எடை ஒவ்வொரு கிலோவும் நீங்கள் தூக்கப்போகும் சுமையிலிருந்து கழிகிறது. ஸ்கிட் ஸ்டியர் என்னும் கனமான தனி லோடர் இயந்திரத்துக்காகச் செய்த 4,000, 5,500 பவுண்டு ஃபோர்க் பார்க்க இரும்புமலை மாதிரி கம்பீரமாக இருக்கும், விலையும் சில சமயம் மலிவாகவே கிடைக்கும், ஆனால் அது மட்டுமே 150 கிலோவைத் தாண்டிவிடும். உங்கள் லோடர் வாழ்நாளில் தூக்கப்போவது 300, 400 கிலோ என்றால் 2,000 பவுண்டு தாங்கும் இலகுவான ஃபோர்க் போதும், அதிலேயே தேவைக்கு மேல் பலம் இருக்கிறது. கடையில் தாங்கும் எடையை முதலில் சொல்வார்கள், நீங்கள் அதன் சொந்த எடையை முதலில் கேளுங்கள்.

அடுத்தது நீளம். 36, 42, 48 அங்குலம் என்று கிடைக்கும். என் தேர்வு 42. வட அமெரிக்காவில் எங்கும் காணப்படும் பேலட் 48க்கு 40 அங்குலம். அதன் அடியில் நிற்கும் மூன்று கனமான சட்டங்கள் 48 அங்குல நீளத்துக்கு ஓடும். 40 அங்குல முனையிலிருந்து நுழைந்தால் வழி தாராளம், ஆனால் ஆழம் 48 அங்குலம். பக்கவாட்டிலிருந்து நுழைந்தால் ஆழம் 40 அங்குலம்தான், சுமையின் மையம் டிராக்டருக்கு நான்கு அங்குலம் கிட்டே வரும், சின்ன லோடருக்கு அது பெரிய உதவி. ஆனால் பக்கவாட்டில் நுழைய வேண்டுமென்றால் அந்தச் சட்டங்களில் வெட்டியிருக்கும் காடிக்குள்ளே ஃபோர்க் போக வேண்டும், காடியின் உயரம் ஒன்றரை அங்குலம்தான், எனவே தடித்த ஃபோர்க் அங்கே மாட்டிக்கொள்ளும், நுனி மெலிந்து வருகிற ஃபோர்க் என்றால் வழுக்கிப் போகும். கடையில் பார்க்கும்போது தடிமனைக் கையால் தொட்டுப் பாருங்கள். 48 அங்குல ஃபோர்க் நீளமான பலகைகளுக்கும் மரத்துக்கும் நல்லது என்பது உண்மை. ஆனால் குட்டை பேலட்டை எடுக்கும்போது அதன் நுனி மறுபக்கம் நீட்டிக்கொண்டு, பின்னால் இருக்கும் பேலட்டையோ சுவரையோ குத்தும், கூடுதல் எடையும் முழுக்க முன்னால் தொங்கும்.

மாட்டும் முறையைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். பெரும்பாலான லோடர்களில் இப்போது ஸ்கிட் ஸ்டியர் வகை குவிக் அட்டாச் (கருவியைச் சட்டென்று மாட்டிக் கழற்றும் பூட்டு) வருகிறது, எந்தக் கம்பெனி ஃபோர்க்கும் பொருந்தும். ஜான் டீயரின் சின்ன மாடல்கள் தங்களுக்கென்றே கொக்கியும் பின்னும் வைத்திருக்கின்றன, அதற்கு அந்த வகைதான் வாங்க வேண்டும். குபோட்டாவின் பிஎக்ஸ் மாதிரி மிகச் சின்ன டிராக்டர்களில் பக்கெட் நேராகப் பின்னிலேயே மாட்டியிருக்கலாம். அடாப்டர் தகடு ஒன்றைப் போட்டு வகை மாற்றிக்கொள்ளலாம்தான், ஆனால் அந்தத் தகடு எடையும் கூட்டும், சுமையை இன்னும் சில அங்குலம் முன்னால் தள்ளவும் செய்யும். சின்ன லோடரில் இரண்டுமே வலிக்கும்.

பக்கெட்டின் உதட்டிலேயே திருகிப் பூட்டுகிற ஃபோர்க்கும் விற்கிறார்கள், விலை மிகக் குறைவு. அதே உதாரணத்தில் அதையும் போட்டுப் பார்த்தேன்: 90 கிலோ பக்கெட் மாட்டியபடியே இருக்கிறது, ஃபோர்க் ஒரு 35 கிலோ, சுமை பக்கெட்டின் ஆழத்துக்கும் அப்பால் போய்விடுகிறது, மிஞ்சுவது சுமார் 200 கிலோ. அதுவும் பக்கெட்டின் உதடு வளையும், ஃபோர்க் பக்கவாட்டில் திரும்பும், உட்கார்ந்த இடத்திலிருந்து பக்கெட் மறைப்பதால் நுனி எங்கே என்றே தெரியாது. காய்ந்த கிளைகளை அள்ளுவதோடு நிறுத்திக்கொள்வதானால் வாங்கலாம். பேலட் தூக்க வேண்டாம்.

இன்னொரு வழி பலருக்குத் தோன்றுவதே இல்லை. டிராக்டரின் பின்னால் மூன்று புள்ளி ஹிட்சில் (பின்பக்கக் கருவிகளை மாட்டித் தூக்கும் அமைப்பு) மாட்டும் பேலட் ஃபோர்க். பல காம்பாக்ட் டிராக்டர்களில் ஹிட்ச் லோடரைவிட அதிகம் தூக்கும், எடை பெரிய பின் சக்கரத்தின் மேல் விழும். உயரம் மட்டும் அதிகம் போகாது, லாரியிலிருந்து எடுக்க முடியாது, கழுத்தைத் திருப்பிக்கொண்டே பின்னோக்கி ஓட்ட வேண்டும், கனம் கூடினால் முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடிக்காது. விறகு பேலட்டைக் கொட்டகைக்கும் வீட்டுக்கும் இடையே தரையோடு நகர்த்துவதுதான் முக்கிய வேலை என்றால் இதைத்தான் முதலில் யோசிக்கச் சொல்வேன்.

பின்னால் எடை இல்லாமல் ஃபோர்க்கைத் தொடாதீர்கள்

இந்தத் தலைப்பைக் கொஞ்சம் கடுமையாகவே வைத்திருக்கிறேன். சுமை முன்னால் ஏறியதும் முன் அச்சு தராசின் நடு மாதிரி ஆகிவிடும், பின்பக்கம் லேசாகும். பெரும்பாலான காம்பாக்ட் டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரங்களில் மட்டும்தான் இருக்கிறது. பின் சக்கரம் தரையை அழுத்தவில்லை என்றால் பிரேக்கை மிதித்தும் பயனில்லை. டூ வீல் டிரைவில் சரிவில் இறங்கும்போது இப்படி ஆனால் முழு டிராக்டரும் முன் சக்கரத்தில் உருண்டு ஓடும், நிறுத்த உங்களிடம் ஒன்றுமே இல்லை. அதனால் ஃபோர்க்கில் சுமை இருக்கும் நேரமெல்லாம் ஃபோர் வீல் டிரைவ் போட்டிருக்க வேண்டும், அப்போதுதான் முன் சக்கரமும் கியர் வழியாகப் பிடித்து நிறுத்தும்.

எவ்வளவு எடை வேண்டும் என்பது உங்கள் லோடர் கையேட்டிலேயே இருக்கும், அதைப் பாருங்கள். எடையை ஹிட்சில் தொங்கவிடுவதுதான் சிறந்தது. டயருக்குள் திரவம் நிரப்புவதும் நல்லதுதான், பீட்ரூட் சாற்றில் செய்த திரவம் தண்ணீரைவிடக் கால் பங்குக்கு மேல் கனமானது, உறையவும் உறையாது. ஆனால் டயர் எடை பின் அச்சிலேயே நிற்கிறது, முன் அச்சின் பாரத்தை அது குறைக்காது. அச்சுக்குப் பின்னால் தொங்கும் எடைதான் நெம்புகோல் போல முன் அச்சைத் தூக்கிவிடும். சின்ன டிராக்டரில் லோடர் சுமையால் அதிகம் அடிபடுவது முன் அச்சு என்பதால் இந்த வித்தியாசம் முக்கியம். கையால் செய்துகொள்ள நினைப்பவர்கள் 55 கேலன் டிரம்மில் கான்கிரீட் ஊற்றுகிறார்கள். முழு டிரம் என்றால் 500 கிலோ ஆகிவிடும், உங்கள் ஹிட்சுக்கு அது தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பாதி டிரம் 250 கிலோ, பலருக்கு அது போதும். பாக்ஸ் பிளேடு (மண்ணைச் சமப்படுத்தும் கருவி) போன்ற குட்டையான கனமான கருவியை மாட்டினாலும் சரிதான். நீளமான புல்வெட்டியை மாட்டிக்கொண்டு மட்டும் பேலட் வேலை செய்யாதீர்கள், திரும்பும்போது அதன் வால் எதையாவது இடித்துக்கொண்டே இருக்கும்.

மாட்டுவது, நுழைவது, தூக்குவது

குவிக் அட்டாச்சில் மேல் விளிம்பை ஃபோர்க் ஃபிரேமின் உதட்டுக்கு அடியில் கொடுத்து, பின்னால் சாய்த்து, இரண்டு லீவரையும் கீழே தள்ள வேண்டும். லீவர் கீழே போய்விட்டது என்பதோடு விட்டுவிடாதீர்கள். இறங்கிக் குனிந்து பாருங்கள்: ஃபிரேமின் அடியில் இருக்கும் இரண்டு துளைகளிலும் பின்னின் முனை வெளியே எட்டிப் பார்க்க வேண்டும், இரண்டு பக்கமும். துளையில் மண்ணோ பனிக்கட்டியோ அடைத்திருந்தால் லீவர் பாதி இறங்கியே இறுகினது போலத் தெரியும். அப்புறம் ஏறி உட்கார்ந்து, நுனியைக் கீழே சாய்த்துத் தரையில் லேசாக அழுத்துங்கள். பூட்டு விழாமல் இருந்தால் ஃபிரேமின் அடிப்பக்கம் அப்போதே விலகிக் காட்டிவிடும். சுமையோடு தலை உயரத்தில் விலகுவதைவிட இங்கே விலகுவது மேல்.

இரண்டு ஃபோர்க்கையும் பேலட்டின் அகலத்துக்கு எவ்வளவு விரிக்க முடியுமோ அவ்வளவு விரித்து, பூட்டும் பின் காடியில் விழுந்ததா என்று பாருங்கள். நகர்த்தும்போது விரலை ஃபிரேமுக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே கொடுக்காதீர்கள், காலால் தள்ளினால் போதும்.

உட்கார்ந்த இடத்திலிருந்து சின்ன டிராக்டரின் பானெட் ஃபோர்க்கின் பாதியை மறைத்துவிடும். நுனியில் ஒரு ஆரஞ்சு பெயின்ட் அடித்துவிடுங்கள். சமமான சிமென்ட் தளத்தில் ஃபோர்க்கை மட்டமாக வைத்து, லோடரின் பக்கவாட்டில் இருக்கும் மட்டக் கம்பி அந்த நேரத்தில் எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு டேப் ஒட்டிவிடுங்கள், பக்கெட்டுக்கான குறி ஃபோர்க்குக்குச் சரியாக வராது. இதைச் செய்துவிட்டால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது. நுனி கொஞ்சம் தாழ்ந்திருந்தாலே பேலட்டின் அடிப்பலகையைக் குத்தி உடைக்கும், இல்லை பேலட்டையே முன்னால் தள்ளிக்கொண்டு போகும்.

பேலட்டுக்கு நேராக, தூரத்திலேயே வண்டியைத் திருத்திக்கொண்டு வாருங்கள். கிட்டே வந்து ஸ்டியரிங்கைத் திருப்பினால் நுனி பக்கவாட்டில் வீசும். எஞ்சின் வேகம் குறைவாக, ஊர்ந்து நுழையுங்கள், சுமை ஃபிரேமைத் தொடும் வரை போங்கள், பாதியில் நிறுத்தித் தூக்கினால் மையம் இன்னும் முன்னால் போய்விடும். இரண்டு மூன்று அங்குலம் தூக்கி நிறுத்துங்கள். பின் சக்கரம் எப்படி இருக்கிறது என்று திரும்பிப் பாருங்கள். கொஞ்சம் பின்னால் சாயுங்கள். அப்புறம்தான் நகர வேண்டும். லோடர் கையால் தூக்க முடியாத எடையைச் சாய்க்கும் சிலிண்டர் சில சமயம் தூக்கிவிடும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள், கை தூக்கவில்லை என்றால் அந்தச் சுமை உங்களுக்கு இல்லை.

நகரும்போது சுமை தரையிலிருந்து ஒரு அடிக்குள் இருக்கட்டும். முன்னால் பார்வை மறைகிறதே என்று உயர்த்திக்கொண்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், ஒரு சக்கரம் குழியில் இறங்கினாலே டிராக்டர் பக்கவாட்டில் கவிழ அதுவே போதும். மறைத்தால் பின்னோக்கி ஓட்டுங்கள். சரிவில் சுமை எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும்: ஏறும்போது முன்னோக்கி, இறங்கும்போது பின்னோக்கி. சரிவுக்குக் குறுக்கே சுமையோடு போகவே கூடாது. ரோல்பார் (டிராக்டர் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் வளைவுக் கம்பி) நிமிர்ந்திருக்கட்டும், சீட் பெல்ட் போட்டிருங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் காப்பாற்றும்.

உயரத்தில் வைக்கும் வேலைக்கு ஒரு தனி எச்சரிக்கை. பெரும்பாலான சின்ன லோடர்களில் கையை உயர்த்த உயர்த்த ஃபோர்க் தானாகவே பின்னால் சாயும். கீழே மட்டமாக இருந்தது மேலே போகும்போது உங்களை நோக்கிச் சரிந்திருக்கும், மேல் அடுக்கில் இருக்கும் மூட்டையோ மரத்துண்டோ லோடர் கைகளின் வழியே உருண்டு நேராக உங்கள் மடிக்கு வரும். வட்டமான வைக்கோல் கட்டு இப்படி உருண்டு ஓட்டுநர்கள் இறந்திருக்கிறார்கள். தூக்கிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் சாய்த்து மட்டமாகவே வைத்திருக்க வேண்டும், இரண்டு அசைவையும் ஒரே லீவரில் சேர்த்துச் செய்யக் காலி பேலட்டில் பழகுங்கள். ஃபிரேமின் பின்பக்கம் உயரமான தடுப்பு உள்ள ஃபோர்க்காகப் பார்த்து வாங்குங்கள். சுமையை ராட்செட் பட்டையால் கட்டிவிடுவதும் இரண்டு நிமிட வேலைதான்.

ஃபோர்க் கைக்கு வந்ததும் அதை வைத்து எல்லாமே செய்யத் தோன்றும். பலகை, மரம், குப்பைக் கிளை, கல், வேலிக் கம்பம் எல்லாம் சரி. ஆளை ஏற்றி ஏணியாக்குவது கூடவே கூடாது. ஒரே ஒரு ஃபோர்க் நுனியை வெட்டிய மரத்தின் வேருக்கு அடியில் கொடுத்து நெம்பினால் ஃபோர்க் வளையாது, லோடரின் கைதான் முறுக்கிக்கொள்ளும், அதைச் சரிசெய்யும் செலவுக்கு ஆள் வைத்து வேரையே எடுத்துவிடலாம். நுனியில் சங்கிலியைச் சும்மா போட்டுத் தூக்கினால் அது வழுக்கும், ஆடும். சங்கிலி வேலைக்கு ஃபிரேமில் கொக்கி வைத்தது தனியாக இருக்கிறது.

வேலை முடிந்தால் ஃபோர்க் தரையில் இருக்க வேண்டும், முழங்கால் உயரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது, குழந்தைகள் ஓடும் இடம் என்றால் கழற்றிச் சுவரோரம் வைத்துவிடுங்கள். அவ்வப்போது ஃபோர்க் எல் வடிவில் மடங்கும் மூலையைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள், வெடிப்பு முதலில் அங்கேதான் வரும். அந்த இடத்தில் தடிமன் பத்து சதவீதம் தேய்ந்துவிட்டால் தாங்கும் பலம் இருபது சதவீதம் போய்விட்டது என்று கணக்கு, அத்தோடு அந்த ஃபோர்க்கை மாற்றிவிட வேண்டும். வெல்டிங் வைக்காதீர்கள், துளை போடாதீர்கள், சூடுபடுத்தி நிமிர்த்தாதீர்கள். அது பதப்படுத்திய எஃகு, சூடு பட்ட இடம் பதம் கெட்டுப் பலவீனமாகிவிடும். மாற்றும்போது இரண்டையும் ஜோடியாகவே மாற்றுங்கள், ஒன்று புதிது ஒன்று தேய்ந்தது என்றால் பேலட் எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே ஏறும்.